குறைந்த காசில் லென்ஸ்: மட்டக்களப்பில் வாவியும் வானமும் படம்பிடிக்க

புதிதாகக் கெமரா வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணா, லேண்ட்ஸ்கேப் எடுக்க எந்த வைட் லென்ஸ் வாங்கலாம்?" நானும் அப்படிக் கேட்டுத்தான் தொடங்கினேன். சீட்டு எடுத்த காசில் 10-18 மி.மீ. லென்ஸ் ஒன்றை (மி.மீ. எண் சிறுத்தால் காட்சி அகலும், கூடினால் தூரம் கிட்ட வரும்) வாங்கிக்கொண்டு ஒரு பின்நேரம் கல்லடிப் பாலத்தடிக்குப் போனேன். 1924 இல் கட்டிய பழைய இரும்புப் பாலமும் 2013 இல் திறந்த புதுப் பாலமும் பக்கம் பக்கமாக நிற்கும் இடம். நேரில் பார்க்க எவ்வளவு கம்பீரம்! வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தால் பாலம் ஈர்க்குக்குச்சி மாதிரிக் கிடக்கிறது. மேலே அரைவாசி வெறும் வானம், கீழே அரைவாசி வெறும் தண்ணீர்.

லென்ஸில் பிழை இல்லை. அகலக் கோண லென்ஸ் கிட்ட உள்ளதைப் பெரிதாக்கும், தூரத்தில் உள்ளதைச் சின்னதாக்கித் தள்ளிவிடும். எல்லயிலும் நுவரெலியாவிலும் மலை முகத்துக்கு நேரே எழுந்து நிற்கிறது. கொஞ்சம் தள்ளி வைத்தாலும் அது மலைதான். இங்கே கடல், மணல்திட்டி, வாவி, வயல் எல்லாமே மட்டம். ஊரின் பெயரிலேயே மட்டம் இருக்கிறதே! தூரத்துக் கரையை அகல லென்ஸ் ஒரு கோடாக்கிவிடும். அதனால் பகலில் நமக்கு வேண்டியது ஓரளவு நீண்ட லென்ஸ். அது மலிவு. இரவில் வேண்டியது அகலமும் பெரிய துவாரமும் உள்ள லென்ஸ். காசு அங்கேதான் போகவேண்டும். இரண்டையும் ஒரே லென்ஸில் தேடுகிறவர்கள்தான் அதிகம் செலவழிக்கிறார்கள்.

விலை ஒன்றும் இதில் எழுதவில்லை. டொலர் ஏறினால் அதுவும் ஏறும், இன்று எழுதியது அடுத்த மாதம் பொய்யாகிவிடும்.

முதல் படி: கையில் இருப்பதைப் பாருங்கள்

கெமராவோடு பெட்டியில் வந்த 18-55 மி.மீ. லென்ஸை யாரும் மதிப்பதில்லை. ஆனால் ஒரு மாதம் அதை மட்டும் பாவித்துப் படம் எடுங்கள். பிறகு பிடித்த படங்களைத் தனியே எடுத்து, ஒவ்வொன்றும் எத்தனை மி.மீ. இல் எடுத்தது என்று படத்தின் விபரத்தில் பாருங்கள். பாதிக்கு மேல் 55 இல் நின்றால் உங்கள் கண் தூரத்தைத் தேடுகிறது. 18 இலேயே நின்றால் அகலம் தேவை. கடைக்காரரும் நானும் சொல்வதைவிட இது நம்பகமானது.

அடுத்து, உங்கள் கெமராவின் வாய் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். மவுண்ட் என்பார்கள். கெனனின் பழைய தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர்களில் (உள்ளே கண்ணாடி உள்ள கெமராக்கள்) ஈஎஃப், ஈஎஃப்-எஸ் லென்ஸ்கள் நேரடியாக மாட்டும். புதிய ஆர்எஃப் மிரர்லெஸ் (அந்தக் கண்ணாடி இல்லாத) கெமராவில் அவற்றை மாட்ட இடையில் ஒரு அடப்டர் வேண்டும். நிக்கோன் டி3000, டி5000 வரிசைக் கெமராக்களுக்குள் போகஸ் மோட்டர் கிடையாது. அவற்றில் பழைய ஏஎஃப்-டி லென்ஸை மாட்டினால் கையால்தான் போகஸ் செய்யவேண்டும். நிக்கோனிலேயே இன்னொரு கண்ணி உண்டு: ஏஎஃப்-பி என்று எழுதிய லென்ஸ்கள் டி3200, டி5100, டி7000, டி90 போன்ற பழைய உடல்களில் வேலை செய்யாது. மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிவந்து தலையில் கைவைத்தவர்கள் இருக்கிறார்கள்.

படம் பதியும் சில்லான சென்சரின் அளவும் தெரியவேண்டும். தொடக்கக்காரர் கையில் இருப்பது அனேகமாக ஏபிஎஸ்-சி சென்சர். கெனனில் 1.6 ஆலும், நிக்கோன், சோனி, ஃபுஜியில் 1.5 ஆலும் மி.மீ. ஐப் பெருக்கினால் ஃபுல் பிரேம் (பழைய பிலிம் அளவுள்ள பெரிய சென்சர்) கணக்கில் எவ்வளவு என்று வரும். கெனன் 18 மி.மீ. என்பது ஏறத்தாழ 29. இந்தப் பெருக்கம் இரவுப் படத்துக்கு மறுபடி தேவைப்படும்.

இரண்டாம் படி: லென்ஸுக்கு முதல் ட்ரைபொட்

இதைச் சொன்னால் முகம் வாடிவிடுகிறது. ஆனால் ஆட்டமில்லாத ட்ரைபொட்டில் நிற்கும் 18-55, கையில் பிடித்த விலைகூடிய லென்ஸை வென்றுவிடும். பஞ்சு மாதிரிப் பாரமில்லாத அலுமினியம் ட்ரைபொட் நம் கடற்கரைக் காற்றுக்கு நிற்காது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இன்னும் மோசம். கொஞ்சம் பாரமானதை வாங்குங்கள், நடுத்தண்டில் பையைத் தொங்கவிடுங்கள், அந்தத் தண்டை மட்டும் உயர்த்தாதீர்கள். மணலில் கால்களை அழுத்தி இறக்கிவிட்டுத்தான் கெமராவைப் பூட்டவேண்டும். பூட்டியதும் லென்ஸில் உள்ள ஆட்டத்தடுப்பு சுவிட்சை அணையுங்கள், 2 செக்கன் டைமரைப் போடுங்கள். அவ்வளவுதான்.

மூன்றாம் படி: பகலுக்கு நீளமும் மலிவும்

பகல் நிலக்காட்சியில் எஃப் 8 அல்லது எஃப் 11 இல்தான் படம் எடுப்போம் (எஃப் எண் லென்ஸின் துவார அளவைச் சொல்லும்; எண் கூடினால் துவாரம் சிறிது). கிட்ட உள்ள கல்லும் தூரத்துப் பனையும் தெளிவாக வரவேண்டுமல்லவா? அந்த எஃப் 8 இல் மலிவு லென்ஸும் விலைகூடிய லென்ஸும் அண்ணன் தம்பி மாதிரி. எஃப் 1.4 வரை திறக்கும் லென்ஸுக்குக் கொடுக்கும் காசு பகலில் வீண். எஃப் 16 ஐத் தாண்டி மூடவும் வேண்டாம். துவாரம் சிறுத்தால் ஒளி வளைந்து படம் மெல்ல மங்கத் தொடங்கும்.

எனது பரிந்துரை, கெனனில் பாவித்த 55-250, நிக்கோனில் பாவித்த 55-200. ஜோடிப் பெட்டியாகக் கெமராவோடு வந்தவை, பலர் திரும்பியும் பாராமல் விற்கிறவை. நமது ஊருக்கு இவற்றைப்போல் பொருந்துவது வேறில்லை. காலையில் எழுவான்கரையில் கடலுக்கு மேலே சூரியன் வரும். மாலையில் படுவான்கரைப் பக்கம் வாவிக்கு அப்பால் இறங்கும். ஊருக்குப் பெயர் வைத்தவர்களே நமக்கு வெளிச்சத்தின் திசையைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். சூரியன் சென்சரில் எவ்வளவு பெரிதாக விழும் என்பதற்குச் சுலபமான கணக்கு உண்டு: லென்ஸின் மி.மீ. ஐ 110 ஆல் வகுங்கள். 250 மி.மீ. இல் ஏறத்தாழ 2.3 மி.மீ., அதாவது படத்தின் அகலத்தில் பத்தில் ஒன்று. 18 மி.மீ. இல் 0.16; குண்டூசித் தலைகூட இல்லை. சந்திரனுக்கும் அதே கணக்குத்தான். தோணியில் நின்று வீச்சுவலை எறிகிறவருக்குப் பின்னால் சிவந்த சூரியன் பெரிதாக நிற்கும் படம் வேண்டுமென்றால் அகல லென்ஸால் எந்தக் காலத்திலும் முடியாது. வயலுக்கு அப்பால் குடும்பிமலை எழுந்து தெரிவதும் அப்படித்தான், 200 மி.மீ. இல் பிடித்தால் மலை வயலுக்குப் பக்கத்தில் வந்து குந்திக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. நீண்ட லென்ஸ் பூட்டிய டிஎஸ்எல்ஆரில் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது, கண் போய்விடும். பின்பக்கத் திரையில் பாருங்கள். அதுவும் சூரியன் சிவந்து தாழ்ந்திருக்கும் நேரத்தில் மட்டும்.

அகல லென்ஸே பகலில் வேண்டாம் என்பதல்ல. முன்னால் ஏதாவது இருந்தால் அது பேசும். கோட்டைச் சுவர், கரைக்கு இழுத்து வைத்த தோணியின் மூக்கு, தாமரைக் குளத்தின் ஓரம், இப்படி ஒன்று லென்ஸிலிருந்து ஒரு முழத்துக்குள் கிடைத்தால் 18 மி.மீ. கூடப் போதும். கிட்ட ஒன்றும் இல்லாவிட்டால் அகலம் வெறுமையைத்தான் பிடித்துத் தரும்.

நான்காம் படி: இரவுக் கணக்கு

பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. ஷட்டரை அதிக நேரம் திறந்து வைத்தால் நட்சத்திரம் புள்ளியாக விழாமல் கோடாக இழுபடும். எவ்வளவு நேரம் திறக்கலாம் என்பதற்கு ஒரு பழைய விதி: 500 ஐ, மி.மீ. ஐயும் சென்சர் பெருக்கத்தையும் பெருக்கிய எண்ணால் வகுக்கவேண்டும். கெனன் 18 மி.மீ. என்றால் 500 ஐ 28.8 ஆல் வகுத்து, 17 செக்கன். நிக்கோனில் 35 மி.மீ. என்றால் ஒன்பது செக்கன் சொச்சம். கெனனில் 50 மி.மீ. என்றால் ஆறு செக்கன். இப்போதைய கூர்மையான சென்சர்களுக்கு 500 தாராளம், நான் 300 வைத்துத்தான் கணக்குப் பார்க்கிறேன்.

நேரத்தைக் கூட்ட முடியாது, ஆகவே ஒளியைத் துவாரம்தான் தரவேண்டும். எஃப் எண் சிறுத்தால் துவாரம் பெரிது. எஃப் 3.5 இலிருந்து 2.8 க்குப் போனால் ஒன்றரை மடங்கு ஒளி. எஃப் 2 க்குப் போனால் மூன்று மடங்கு. நான் முதலில் வாங்கிய 10-18 இன் துவாரம் எஃப் 4.5, எஃப் 2.8 லென்ஸ் அதைவிட இரண்டரை மடங்கு ஒளி தரும். அகலமாக இருக்கிறது, மலிவாகவும் இருக்கிறது என்று இரவுக்காக எஃப் 4.5 லென்ஸ் வாங்குவதுதான் புதியவர் விடும் பெரிய பிழை. நான் ஒரே லென்ஸால் பகலிலும் தோற்றேன், இரவிலும் தோற்றேன்.

சரி, எதை வாங்குவது?

ஒரு சதமும் செலவழிக்க முடியாது என்றால், 18-55 ஐ 18 இல் வைத்து, எஃப் 3.5, 10 செக்கன், ஐஎஸ்ஓ (சென்சரின் ஒளி உணர்திறன்) 6400 என்று ரோ ஃபைலாக (கெமரா பதப்படுத்தாத மூலப் படமாக) அசையாமல் பதினாறு படம் எடுங்கள். சீக்குவேட்டர் என்ற இலவச மென்பொருளில் போட்டால் நட்சத்திரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி எடுத்துத் தரும். பதினாறு படத்தின் சராசரியில் புள்ளி இரைச்சல் நான்கில் ஒன்றாகக் குறையும். லென்ஸ் வாங்குமுன் இதை ஒருமுறையாவது செய்து பார்க்கச் சொல்வேன். பலருக்கு இதுவே போதும்.

கொஞ்சம் காசு இருந்தால், கெனன்காரருக்கு ஈஎஃப்-எஸ் 24 மி.மீ. எஃப் 2.8. பிஸ்கட் போலத் தட்டையான சின்ன லென்ஸ், பகலிலும் நன்றாக உழைக்கும். நிக்கோன்காரருக்கு டிஎக்ஸ் 35 மி.மீ. எஃப் 1.8. எல்லோரும் வாங்கும் 50 மி.மீ. எஃப் 1.8 இரவுக்குக் குறுகல்தான். ஆனாலும் எஃப் 2.8 க்கு மூடி, வானத்தைத் துண்டு துண்டாக எடுத்து ஒட்டினால் அசந்துபோவீர்கள். பொறுமைசாலிகளுக்கு மட்டும்.

இரவுதான் குறி என்று முடிவெடுத்தவருக்கு மூன்று பெயர் சொல்கிறேன். டிஎஸ்எல்ஆர் என்றால் பாவித்த டொக்கினா 11-16 மி.மீ. எஃப் 2.8. இதன் முதல் பதிப்பு நிக்கோனுக்கு வந்தபோது உள்ளே மோட்டர் இல்லை, அதனால் அது இன்னும் மலிவாகக் கிடைக்கும். இரவில் எப்படியும் கையால்தான் போகஸ் செய்வோம், மோட்டர் எதற்கு? மற்றவருக்குக் குறை, நமக்கு லாபம். ஃபுல் பிரேம் என்றால் சம்யாங் 14 மி.மீ. எஃப் 2.8. நேர்கோடுகளை மீசை மாதிரி வளைக்கும், முன்னால் ஃபில்டர் பூட்ட இடமில்லை; நட்சத்திரத்துக்கு அதெல்லாம் பொருட்டில்லை. சோனி, ஃபுஜி போன்ற ஏபிஎஸ்-சி மிரர்லெஸ் என்றால் சம்யாங் 12 மி.மீ. எஃப் 2. இதுவே என் மனதுக்குப் பிடித்தது: சின்னது, கூர்மை, ஃபில்டரும் பூட்டலாம். கையால் இயக்கும் இந்த லென்ஸ்களில் பலவற்றைக் கெமரா அடையாளம் காணாது. மெனுவில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் வேலைசெய்ய அனுமதிக்கும் தெரிவைப் போட்டால் சரியாகிவிடும்.

ஐந்தாம் படி: பாவித்த லென்ஸைச் சோதிப்பது

இதற்கு மினக்கெடத்தான் வேண்டும். ஈரமும் உப்பும் சேர்ந்த ஊர் இது. கண்ணாடிக்குள்ளே பங்கஸ் பிடித்த லென்ஸ்கள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. "ஒரு கீறலும் இல்லை" என்ற ஒரு கடைக்காரரின் சொல்லை நம்பி நானும் ஒன்று வாங்கினேன். கீறல் உண்மையாகவே இல்லைதான். உள்ளே சிலந்தி வலை மாதிரிப் பங்கஸ் படர்ந்திருந்தது.

துவாரத்தை முழுதாகத் திறந்து, போனின் டோச் வெளிச்சத்தைப் பின்பக்கத்தால் அடித்து, முன்பக்கத்தால் சரிவாகப் பாருங்கள். நூல் மாதிரி, வேர் மாதிரிக் கிளைவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒன்றிரண்டு தூசி பரவாயில்லை, படத்தில் தெரியாது. துவாரத்தின் இதழ்களில் எண்ணெய் மினுங்கினால் வேண்டாம். போகஸ் வளையத்தைச் சுற்றும்போது மணல் அரைபடும் சத்தம் கேட்டால் அந்த லென்ஸ் கடற்கரையில் விழுந்தெழும்பியது.

அடுத்தது, உள்ளே கண்ணாடிகள் நேராக நிற்கின்றனவா என்பது. லென்ஸை முழுதாகத் திறந்து, ஒரே நட்சத்திரத்தையோ தூரத்து விளக்கையோ படத்தின் நான்கு மூலைகளிலும் மாற்றி மாற்றி வைத்து எடுங்கள். நான்கு மூலையும் ஒரேயளவு மங்கினால் அது அந்த லென்ஸின் இயல்பு. ஒரு மூலை மட்டும் குழம்பியிருந்தால் உள்ளே கண்ணாடி சாய்ந்திருக்கிறது, இரவுக்கு உதவாது. மூலைப் புள்ளிகள் சிறகு விரித்த பறவை மாதிரித் தெரிந்தால் அதைக் கோமா என்பார்கள். மலிவு லென்ஸ்கள் எல்லாவற்றிலும் கொஞ்சம் இருக்கும். ஒரு படி மூடினால் குறையும்.

ஆறாம் படி: எப்போது, எந்தப் பக்கம்

பால்வீதியின் நடுப்பகுதி மார்ச்சில் விடியப்புறம் மூன்று மணிக்குத் தென்கிழக்கில் கடலுக்கு மேல் நிற்கும். கடலைப் பார்த்து நின்றால் வலது கைப் பக்கம். ஜூன் நடுவில் நள்ளிரவுக்குத் தெற்கே உயர்ந்து, 53 பாகை உயரத்தில் வரும். ஐரோப்பாவில் இருந்து படம் எடுப்பவர்களுக்கு இது அடிவானத்தில் தவழும். இந்த விடயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். செப்டெம்பரில் இரவு ஒன்பது, பத்து மணிக்குத் தென்மேற்கில் சரியும். எழுவான்கரையில் நின்று வாவியைப் பார்த்தால் படுவான்கரை மேலே அது சாய்ந்து இறங்குவதைப் பிடிக்கலாம், நித்திரை முழிக்கவும் தேவையில்லை. வாடைக் காலத்து மழைமுகில் தொடங்குமுன் முடித்துவிடவேண்டும்.

துருவ நட்சத்திரத்தைச் சுற்றி வட்டம் வட்டமாகக் கோடு விழும் படங்களைப் பார்த்துவிட்டு ஆசைப்படாதீர்கள். இங்கே அது அடிவானத்திலிருந்து எட்டுப் பாகைக்கும் குறைவான உயரத்தில், பெரும்பாலும் புழுதிக்குள் கிடக்கிறது. அரை வட்டம்தான் கிடைக்கும்.

நாளுக்கு அமாவாசையைப் பாருங்கள், வீட்டுக் கலண்டரே போதும். லீவு என்று போயா தினத்தில் புறப்பட்டால் நிலவு வானத்தைக் கழுவிவிடும். ஆனால் அந்த நிலவிலேயே வாவியை எடுக்கலாம்: எஃப் 4, 15 செக்கன், ஐஎஸ்ஓ 400 அல்லது 800. பாலத்தடியில் மீன் பாடுவதைக் கேட்கச் சனம் போவதும் அப்படியான இரவில்தானே. அதற்கு 18-55 தாராளம்.

கல்லடியில் நின்றால் தெற்கே காத்தான்குடி வெளிச்சம் வானத்தில் ஏறியிருக்கும். நல்ல இருட்டு வேண்டுமென்றால் அம்பாறைக் கரையோரமாகப் பொத்துவிலைத் தாண்டி பாணமை, உகந்தை வரை போகவேண்டும். அங்கும், படுவான்கரை வயல்வெளிகளிலும் யானை உண்டு. ஊர் ஆள் ஒருவர் இல்லாமல் இரவில் இறங்கவேண்டாம். வாவி ஓரத்துப் பற்றைகளில் முதலையும் இருக்கலாம். இராணுவ முகாம்களின் பக்கம் கெமராவைத் திருப்பாதீர்கள்.

ஏழாம் படி: முதல் இரவு

ஏதாவது ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பின்திரையில் பத்து மடங்கு பெருப்பித்து, அது மிகச் சிறிய புள்ளியாகும்வரை வளையத்தைச் சுற்றுங்கள். லென்ஸில் கீறியிருக்கும் முடிவிலிக் குறியை நம்பவேண்டாம், பல லென்ஸ்களில் அது கொஞ்சம் தள்ளியிருக்கும். சரிவந்ததும் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். கெமராவை அணைத்தால் போகஸ் கலைந்துவிடும் லென்ஸ்களும் உண்டு. அப்படியானால் வேலை முடியும்வரை அணைக்காதீர்கள். ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் தெருவிளக்கின் பேய் உருவம் படத்தில் விழும். 12 மி.மீ. எஃப் 2 என்றால் 15 செக்கன், ஐஎஸ்ஓ 3200 இல் தொடங்கிக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள்.

முகத்துவாரக் கடற்கரையில் நான் இப்படி நின்றபோது வலை பார்க்க வந்த ஒரு ஐயா, "என்ன மனே, இந்த இருட்டுக்குள்ள எதைப் படம் பிடிக்கிறாய்?" என்று கேட்டார். திரையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது நாங்க கடலுக்குப் போகக்குள்ள ஒவ்வொரு நாளும் பார்க்கிறதுதானே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும்

கடற்காற்று பட்ட லென்ஸை உடனே காய்ந்த துணியால் தேய்க்காதீர்கள். உப்பும் மணலும் கண்ணாடியைக் கீறும். முதலில் ஊதுபந்தால் ஊதி, பிறகு சுத்தமான தண்ணீரில் லேசாக நனைத்த மென்துணியால் உடலைத் துடைத்து, கடைசியாகத்தான் கண்ணாடிக்குப் போகவேண்டும். குளிரூட்டிய அறையிலிருந்து நேரே வெளியே எடுத்தால் பனித்துவிடும், பையை மூடியபடி அரை மணி நேரம் விடுங்கள்.

உலர் அலமாரி வாங்க வசதியில்லாவிட்டால் இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டியும் நிறைய சிலிக்கா ஜெல்லும் போதும். நிறம் மாறும் வகையை வாங்கினால் ஈரம் குடித்துவிட்டது என்று அதுவே சொல்லும். சூடாக்கி ஈரத்தைப் போக்கித் திரும்பப் போடலாம். அரிசிக்குள் போட்டு வைக்கச் சொல்வார்கள், அரிசித் தூள்தான் உள்ளே போகும். மழைக்கால மூன்று மாதமும் லென்ஸைத் தோல் உறைக்குள் பூட்டி அலுமாரிக்குள் வைக்காதீர்கள். பங்கஸுக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது.